கூட்டமும் வாசற்கணக்கும்

செராஸ் வட்டாரத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் இடங்கள் பலவற்றில் ஒருகாலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வேலை தேடிப் போன நம் பிள்ளைகளில் சிலர் இன்று அந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். ஆண்டுக் கடைசியில் அவர்களோடு நாலு நாள் தங்கப் போனவர்கள், தாமான் மிடா நிலையத்திலோ தாமான் கொனாட் நிலையத்திலோ ரயிலுக்குக் காத்திருக்கையில் ஒரு வேடிக்கையைக் கண்டிருக்கக் கூடும். நீல நிறத் தலைமுடி வைத்த ஒரு பெண், அட்டையால் செய்த கவசம் பூட்டிய ஒரு பையன், ஆள் உயரத்துக்கு ஒரு வாள், முதுகில் இறக்கை. ‘இதென்ன, கூத்துக்கு வேடம் கட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறார்களே!’ என்று பெரியவர்கள் திகைத்துப்போவது இயல்புதான்.

அது ஏறக்குறைய கூத்துக்குக் கட்டிய வேடமே. இதற்குக் ‘காஸ்பிளே’ என்று பெயர். படக்கதையிலும் கணினி விளையாட்டிலும் வரும் பாத்திரங்களைப் போல் வேடமிட்டு, அதே ஆர்வம் உள்ளவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு தொடங்கிய ‘காமிக் ஃபியெஸ்டா’ இவற்றுள் பெயர்பெற்றது. பல ஆண்டுகளாக டிசம்பர் மாதத்தில் கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தில் அது நடந்து வந்திருக்கிறது. செராஸிலிருந்து போகிறவர்கள் எம்.ஆர்.டி. ஏறி, துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் வண்டி மாறினால் போய்ச் சேரலாம். வேடம் கட்டுவது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இன்று வரவில்லை. ஒரே நாளில், ஒரே கட்டடத்துக்குள், பல்லாயிரம் பேர் நுழைய வேண்டுமென்றால் என்ன நடக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இதை விளங்கிக்கொள்ளப் பால் நிறுத்த நாட்களை நினைத்துக்கொண்டால் போதும். காட்டில் ஆளுக்கொரு நேரத்தில் வெட்டி முடித்தாலும், பால் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வரும்போது எல்லாரும் ஒரே நேரத்தில்தான் வந்து சேர்வோம். தராசு ஒன்று, கிராணி ஒருவர். ஒரு வாளியை நிறுத்து எழுத ஒரு நிமிடம் ஆகிறதென்றால், அறுபது பேர் நின்றால் கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரம். வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு பொறுமைசாலிகளாக இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் குறையாது. இரண்டாவது தராசு வைத்தால் குறையும். ஒரு பிரிவை முன்னதாகவும் மற்றதைப் பின்னதாகவும் வரச் சொன்னாலும் குறையும். கூட்டத்தைப் பற்றிய சாத்திரம் முழுவதும் இந்தத் தராசுக்குள் அடங்கிவிடும் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது மண்டபத்து வாசலுக்கு வருவோம். ஒருவருடைய சீட்டைப் பார்த்து, பையைத் திறந்து சோதித்து உள்ளே விட, விரைவாகச் செய்தாலே பத்து விநாடி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாசலில் நிமிடத்துக்கு ஆறு பேர், மணிக்கு 360 பேர். பத்து வாசல் திறந்தால் மணிக்கு 3,600 பேர். இருபதினாயிரம் பேர் காலையில் வந்து நின்றால், கடைசி ஆள் உள்ளே போக ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை பத்து மணிக்குத் திறந்த வாசலில் அவர் நுழையும்போது மணி மூன்றரை தாண்டிவிடும். வேடம் கட்டியவர்கள் வந்தால் கணக்கு இன்னும் நீளும். வாள் மரமா, பஞ்சு அட்டையா, இரும்பா என்று பார்க்க வேண்டும். இறக்கை கட்டியவர் ஒருவர் இருவருக்கான இடத்தை அடைத்துக்கொள்வார். உள்ளே போன பிறகும் நடைபாதையின் நடுவே யாராவது படம் எடுக்க நிறுத்துவார்கள். அங்கே ஒரு சிறு அணை எழும்பிவிடும்.

வேகமாக அனுப்பும் வாசலுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடு வைத்திருக்கிறார்கள். சுழற்கதவு ஒன்றின் வழியே மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்குப் போடக் கூடாது என்கிறது அது. ஒரு மீட்டர் அகலப் பாதையில், சமதளமானால் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டானால் 66 பேர் என்றும் அளவு சொல்கிறது. பத்துமலைப் படிகளைக் கம்பிகளால் பிரித்திருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே படியில் முட்டிக்கொண்டால் அந்த 66 பேரும் போக முடியாது. தைப்பூசத்தன்று அந்தக் கம்பிகள் செய்யும் வேலை பெரிது.

கணினி விளையாட்டுக் கூட்டம் ஒன்று கணக்குத் தவறியதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்தது. ‘போக்கிமான் கோ’ என்ற கைப்பேசி விளையாட்டு நம் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். கையில் பேசியை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்து, திரையில் தோன்றும் பிராணிகளைப் பிடிப்பது. அதை அப்போது நடத்திய நியாண்டிக் நிறுவனம் 2017 ஜூலை 22 அன்று கிராண்ட் பூங்காவில் ஒரு விழா வைத்தது. சீட்டு 20 டாலர். விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் வந்தார்கள். நுழைவதற்கே நீண்ட வரிசை, பல மணி நேரக் காத்திருப்பு. ஒருவழியாக உள்ளே போனால் விளையாட்டே ஓடவில்லை!

காரணம் என்ன? அத்தனை பேரும் ஒரே பூங்காவில் நின்று ஒரே நேரத்தில் கைப்பேசியைத் திறந்தார்கள். அந்தப் பகுதியின் தொலைபேசிக் கோபுரங்கள் அவ்வளவு பேரைத் தாங்கவில்லை. நிறுவனத்தின் கணினிகளும் தடுமாறின. சிந்தித்துப் பார்த்தால் கோபுரமும் ஒரு வாசல்தான். கண்ணுக்குத் தெரியாத வாசல். பூங்காவின் பரப்பைக் கணக்கிட்டவர்கள் இந்த வாசலின் அகலத்தைச் சரியாக அளக்கவில்லை. மேடையேறிய நிறுவனத் தலைவரைக் கூட்டம் கூச்சலிட்டு வரவேற்றது. கடைசியில் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டுக்குள் செலவிடும் காசாக நூறு டாலர் மதிப்பும் கொடுத்தார்கள்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு முக்கியம். பூங்காவுக்குள் மட்டும் கிடைப்பதாக இருந்த பிராணிகளை, பூங்காவைச் சுற்றி இரண்டு மைல் தூரம் வரை கிடைக்கும்படி மாற்றினார்கள். கூட்டம் கலைந்து ஊருக்குள் பரவ அது வழி. அடுத்த ஆண்டு, 2018-இல், அதே நகரில் வேறு பூங்காவில் இரண்டு நாள் விழாவாக வைத்து, ஏறக்குறைய இரண்டு மைல் நீள நடைபாதையில் ஆட்களைப் பரப்பிவிட்டார்கள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருந்ததை நீளத்திலும் நாட்களிலும் பிரித்துக்கொண்டார்கள்.

நம் மொழி பேசுகிறவர்களுக்கு நெருக்கமான ஓர் அனுபவம் சென்னையில் நேர்ந்தது. 2023 செப்டம்பர் 10 அன்று, நகருக்கு வெளியே பனையூரில் ஏ. ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி. ஆகஸ்டு 12-இல் நடக்கவேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. சீட்டு வாங்கியவர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் அசையவில்லை. நெரிசலில் பிள்ளைகள் தவறிப்போய்ப் பெற்றோர் தேடி அலைந்தார்கள்; பெண்கள் சிலர் தங்களுக்கு நேர்ந்த அவமதிப்பைப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். நுழைய முடியாதவர்கள் சீட்டின் படியை அனுப்பும்படி ரகுமான் கேட்டுக்கொண்டார். பணம் திருப்பித் தரப்பட்டது. பணத்தைத் திருப்பலாம். நெரிசலில் கையை விட்டுப்போன பிள்ளையைத் தேடிய அரைமணி நேரத்தை எந்தக் கணக்கில் திருப்புவது?

பணத்தோடு முடியாத சம்பவங்களும் உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் 1989 ஏப்ரல் 15 அன்று காற்பந்தாட்டம். ஒரு பக்கத்தில் நின்று பார்க்கும் சீட்டு வாங்கிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏழே சுழற்கதவுகள். நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஏழு கதவு, மணிக்கு 660 பேர், மொத்தம் 4,620. பத்தாயிரம் பேர் நுழைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆட்டம் மூன்று மணிக்கு. வெளியே நெருக்கம் தாங்காமல், மூன்றுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் போலீசார் பெரிய வெளியேறும் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்த வெள்ளம், ஏற்கெனவே நிரம்பியிருந்த, முன்னால் வேலியிட்ட பட்டிக்குள் போய்ப் பாய்ந்தது. 97 உயிர்கள் போயின.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. குடித்துவிட்டு வந்தார்கள், முண்டியடித்தார்கள் என்று இறந்தவர்கள் மீதே பழி போட்டார்கள். அந்தப் பழியைத் துடைக்க அந்தக் குடும்பங்கள் இருபத்தேழு ஆண்டுகள் போராடின. அவர்கள் பெரும்பாலும் நம்மைப்போல் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தினர். 2016-இல் மரண விசாரணை நடுவர் குழு, இறந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ஆட்டம் பார்க்க வந்தவர்கள் மேல் குற்றமில்லை என்றும் தீர்ப்புச் சொன்னது. ‘நம் ஜனங்களுக்கு ஒழுங்கு கிடையாது’ என்று நாமும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் அரை அடி எடுத்து வைக்கிறார். அவருக்குப் பின்னால் உள்ளவரும் அரை அடி. அந்த அரை அடிகள் எல்லாம் சேர்ந்துதான் முன்வரிசையில் உள்ளவரின் நெஞ்சில் பாரமாக இறங்குகின்றன. யாரும் யாரையும் தள்ள நினைத்திருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் கூட்டம் உயிர் வாங்கிய நாள் உண்டு. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த்தில் சுல்தான் அப்துல் ஹலிம் படகுத் துறையின் மேல்தளப் பாலம் இடிந்து விழுந்தது. பினாங்குத் தீவில் நடந்த சமய விழாவுக்குப் போக மக்கள் அங்கே திரண்டு நின்றார்கள். 32 பேர் மாண்டார்கள். 1,634 பேர் காயமடைந்தார்கள். விழா நடந்த இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. காத்திருந்த இடம்தான் தாங்கவில்லை. விழா நடத்துகிறவர்கள் மேடையையும் பந்தலையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். வரிசை நிற்கப்போகும் இடத்தை மறந்துவிடுகிறார்கள். ஐந்து மணி நேரம் வெயிலில் நிற்கப்போகிறவருக்கு நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே? கவசமும் பொய்முடியும் அணிந்த பிள்ளைக்கு அந்த வெயில் இரட்டை வெயில்.

எல்லாருமே தவறுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பானின் தலைநகர் தோக்கியோவில் ‘காமிக் மார்க்கெட்’ என்ற படக்கதைச் சந்தை 1975 டிசம்பர் 21 அன்று தொடங்கியது. அன்று வந்தவர்கள் சுமார் 700 பேர். இன்று பல லட்சம் பேர் வருகிறார்கள். நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வரிசையை ஒரே பாம்பாக நீளவிடாமல், பல கட்டங்களாகப் பிரித்துத் திறந்தவெளியில் நிறுத்துகிறார்கள். ஒரு கட்டம் நகர்ந்த பிறகுதான் அடுத்த கட்டம் எழுந்திருக்கும். கொரோனாவுக்குப் பிறகு சீட்டிலேயே நுழையும் நேரத்தைக் குறித்துவிட்டார்கள். தராசுக்கு முன்னால் பிரிவு பிரிவாக வரச்சொல்லும் அதே யோசனை.

ஆகவே பிள்ளை வந்து, ‘அப்பா, சீட்டு வாங்கிவிட்டேன், சனிக்கிழமை போகிறேன்’ என்று சொல்லும்போது, ‘என்ன வேடம்?’ என்பதோடு, ‘எத்தனை வாசல்? சீட்டில் நேரம் போட்டிருக்கிறதா?’ என்றும் கேட்டு வைப்போம். நேரம் குறிக்காத சீட்டானால், எல்லாரும் போகும் காலை வேளையை விட்டுப் பிற்பகலில் போகலாம். கூட்டத்தில் பேசி வேலை செய்யாமல் போகலாம் என்பதால், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளையின் சட்டைப்பைக்குள் பெற்றோரின் எண்ணை எழுதி வைப்பது நம் பாட்டிமார் திருவிழாவுக்குச் செய்த பழக்கம்தான். நுழைந்தவுடன் வெளியே போகும் வழிகளில் இரண்டையாவது பார்த்து வைக்கச் சொல்வோம்.

நெருக்கம் மிகும்போது அடையாளம் ஒன்று உண்டு. ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் நிற்கும்வரை நாம் நம் விருப்பப்படி அசைய முடியும். ஐந்து ஆறு என்று ஏறினால் தோள் இடிக்கும்; கையை முகத்துக்குத் தூக்குவதே கடினமாகும். ஏழைத் தொட்டுவிட்டால் கூட்டம் தண்ணீரைப்போல் அலைபாயும். தனி ஆளின் பலம் அங்கே செல்லாது என்று ஜான் ஃபுரூயின் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதியிருக்கிறார். இப்படிச் சாகிறவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டிச் சாகிறார்கள். அதனால் கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து, மூச்சுக்கு ஓர் இடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அலையை எதிர்த்துத் தள்ளக் கூடாது. அது தணியும் நேரத்தில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகர வேண்டும். கீழே விழுந்தது பணப்பையே ஆனாலும் குனிந்து எடுக்கக் கூடாது. கூச்சலிட்டு மூச்சை வீணாக்க வேண்டாம். பக்கத்தில் யாராவது விழுந்தால் உடனே தூக்கி நிறுத்துங்கள்.

திரும்பும் வழியும் ஒரு வாசல்தான். மண்டபம் மூடும் நேரத்தில் எல்லாரும் ஒரே ரயில் நிலையத்துக்குள் இறங்குவார்கள். மின்படியின் அடியில் நெருக்கம் கட்டிக்கொள்ளும். அரைமணி நேரம் முன்னால் கிளம்பலாம். அல்லது கூட்டம் குறையும்வரை ஒரு தேநீர் குடித்துவிட்டு, வேடத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டியில் செராஸுக்குத் திரும்பலாம்.