எட்டுப் பேர் போதும்

நாகப்பட்டினத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே இறங்கினால் வேளாங்கண்ணி, வேதாரண்யம் கடந்து கோடியக்கரை. வெளிமானுக்காக 1967இல் சரணாலயமான காடு. 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஒருபுறம் பாலை மரங்கள் அடர்ந்த காடு, ஒருபுறம் மான் மேயும் புல்வெளி, அப்பால் பூநாரை இறங்கும் சேறும் உப்பளமும். இங்கே ஆளை விடலாமா, கூடாதா என்று வாதாடிப் பயனில்லை. எத்தனை பேர், யார் துணையோடு, வாங்கும் கட்டணம் யாருக்கு என்று கேட்பதே பொருத்தம்.

உகாண்டாவின் பிவிண்டி காடு இதற்கு ஒரு விடை தருகிறது. அங்கே ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளொன்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டியோடு மலையேறி நடந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கு சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிறது. காவலும் கால்நடை மருத்துவமும் சேர்ந்து உழைத்ததில், 2018இல் உலகின் மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்தைத் தாண்டின. 2020இல் கொரோனாவால் பயணிகள் வரவு நின்றிருந்த ஜூன் மாதத்தில், ரஃபிகி என்ற தலைமை ஆண் கொரில்லா வேட்டைக்காரரின் ஈட்டிக்குப் பலியானது. ஒரு சாவை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் ஆள் நடமாட்டமும் ஒருவகைக் காவல் என்று எண்ணத் தோன்றுகிறது. அதே பிவிண்டியில், 1991இல் தேசியப் பூங்கா அறிவிப்போடு அங்கே வாழ்ந்த பட்வா மக்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதையும் மறக்கக் கூடாது. அந்தத் தவறு நமக்கு வேண்டாம்.

கட்டணம் வைத்தால் ஏழைக்குக் காடு எட்டாதே என்பார்கள். நியாயமான கேள்விதான். அமாவாசைக்குக் கடலாட வருகிறவரிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் வாங்க வேண்டாம். பொழுதுபோக்காக வண்டியில் வருகிறவர் தரட்டும். கொரில்லா மனிதருக்குப் பழகியது, வெளிமான் மிரண்டு ஓடுமே என்பது அடுத்த மறுப்பு. அதனால்தான் குறித்த பாதையும், சிறு குழுவும், கண்காணிப்புக் கோபுரமும் வேண்டும் என்கிறேன். உண்மையில் மானை நெருக்குவது சீமைக்கருவேலம். இங்கே திரியும் மட்டக்குதிரை அதன் காயைத் தின்கிறது. விதை சாணத்தோடு புல்வெளியில் விழுந்து முளைக்கிறது. திறந்த வெளியில் ஓடித் தப்பும் மானுக்கு முள் வேலி எழும்புகிறது. வேரோடு பிடுங்கினாலும் விதை மண்ணில் மிச்சமிருக்கும். ஆண்டுதோறும் ஆள் இறங்கினால்தான் வெளி மீளும். அந்த வேலையைக் கோடியக்கரைக்காரருக்கே கொடுத்து, வருகிறவர் தரும் பணத்தில் கூலி கொடுத்தால், பார்க்க வந்த எட்டுப் பேரும் மானுக்கு நாலடி மேய்ச்சல் நிலத்தை மீட்டுத் தந்தவர்களாவார்கள்.