ஆணி அறையும் மின்காந்தம்



சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய தலம் என வைணவப் பெரியோர் போற்றும் திருப்புட்குழி என் ஊர். காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில் பட்டுத் தறியின் ஓசையோடு தச்சரின் சுத்தியல் ஓசையும் கேட்பது வழக்கம். தறிக்குச் சட்டம் கோப்பவர் தச்சர் அன்றோ!

பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் மின்காந்தத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தச்சர் மகன் ஒருவன் எழுந்து, "ஐயா, மின்காந்தம் இரும்பை இழுக்கிறதே, அதைக் கொண்டே ஆணி அறைய முடியாதா? எங்கள் அப்பாவுக்குத் தோள்வலி தாங்க முடியவில்லை" என்றான். "சுத்தியல் இருக்க மின்சாரம் எதற்கு? உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் அவ்வாண்டு முழுதும் அவன் வாய் திறக்கவில்லை. அன்று நான் தராத விடையை இன்று உங்களுக்குத் தருகிறேன்.

கம்பியில் மின்சாரம் ஓடினால் அருகிலுள்ள காந்த ஊசி திரும்பும் என்று 1820-இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் கண்டார். 1825-இல் இங்கிலாந்தின் ஸ்டர்ஜன், வளைந்த மெல்லிரும்பின்மீது கம்பியைச் சுற்றி, தன் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு சுமையைத் தூக்கும் மின்காந்தத்தைச் செய்தார். அமெரிக்கரான ஜோசப் ஹென்றி, காப்பிட்ட கம்பியைப் பல அடுக்காகச் சுற்றி, 1831-இல் 900 கிலோகிராமுக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

கம்பிச் சுருளின் வாயில் ஓர் இரும்புத் தண்டை வைத்து மின்சாரம் செலுத்தினால், சுருள் அத்தண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்டின் முனை ஆணியின் தலையில் மோதட்டும். பின்பு ஒரு வில் அதனைப் பழைய இடத்திற்குத் தள்ளட்டும். இதுவே நம் மின்சுத்தியல்.

இது எவ்வளவு வலிமையுடையதாய் இருக்க வேண்டும்? கணக்கிடுவோம். அரைக் கிலோகிராம் சுத்தியல் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஆணியைத் தாக்கினால் அதன் இயக்க ஆற்றல் 9 ஜூல். மரம் ஆணியை 1000 நியூட்டன் விசையுடன் தடுக்கிறது என்று கொண்டால், அந்த ஓர் அடிக்கு ஆணி 9 மில்லிமீட்டர் இறங்கும். 5 சென்டிமீட்டர் ஆணிக்கு ஆறு அடி வேண்டும்.

தச்சர் சுத்தியலை அரை மீட்டர் தூரம் வீசி அந்த 9 ஜூலைச் சேர்க்கிறார். அதற்குச் சராசரியாக 18 நியூட்டன் விசை போதும். நம் தண்டு ஓடும் தூரமோ 3 சென்டிமீட்டர்தான். ஆகவே 300 நியூட்டன் தேவைப்படுகிறது. தூரம் குறைந்தால் விசை பெருக வேண்டும் என்பது இயற்கையின் கண்டிப்பான வணிகம்.

மேலும், 100 கிராம் எடையுள்ள தண்டு அந்தத் தூரத்தைக் கடக்க நொடியின் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே ஆகும். அதற்குள் மின்சாரம் பாய்ந்து, அடங்கவும் வேண்டும். தண்டு சுருளின் நடுவைத் தாண்டிய பிறகும் மின்சாரம் ஓடினால், தள்ளிய சுருளே அதனைப் பின்னுக்கு இழுக்கும்! செலுத்திய ஆற்றலில் பெரும்பங்கு கம்பியைச் சூடாக்கியே வீணாகும். பத்தில் ஒரு பங்கு பயன்பட்டாலும், ஓர் அடிக்கு 90 ஜூல் கொடுக்க வேண்டும். அதனை அந்தச் சிறுபொழுதில் கொடுப்பதற்கு ஏறத்தாழ 20,000 வாட் திறன் வேண்டும். வீட்டு மின்னிணைப்பு அதனைத் தாங்காது.

வழி என்ன? நம் ஏரிகளை எண்ணிப் பாருங்கள். சிறுகச் சிறுக நிரம்பிய நீர், மதகு திறந்ததும் பெருகிப் பாய்கிறது. அதுபோல, மின்தேக்கி என்னும் கருவி ஒரு நொடி முழுதும் 90 வாட் அளவில் மின்னாற்றலைச் சேர்த்து, கணப்பொழுதில் சுருளுக்குக் கொடுத்துவிடும்.

மரத்தில் சிற்றாணிகளையும் கம்பிக் கொக்கிகளையும் அறையும் கருவிகள் இந்தக் கம்பிச்சுருள் முறையில் விற்பனையில் உள்ளன. பேராணிகளுக்கு அழுத்திய காற்றையோ, சுழலும் சக்கரத்தில் சேமித்த ஆற்றலையோ நாடுகின்றனர். காரணம், மேலே கண்ட கணக்கே.

தண்டு எதற்கு, ஆணியையே எறியலாமே என்பீர்கள். நார்வே நாட்டு அறிஞர் பிர்க்கலாண்டு 1901-இல் மின்காந்தப் பீரங்கி ஒன்றை வகுத்தார். 1903-இல் அவையோர் முன் அதனை இயக்கியபோது, குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பெருஞ்சுடர் எழுந்தது, பீரங்கி தோற்றது. ஆயினும் மின்சுடரைக் கொண்டு காற்றிலிருந்து உரம் செய்யும் தொழிலில் அவர் வெற்றி கண்டார். ஆனால் பறக்கும் ஆணி துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பானது. ஆகவேதான் ஆணிக் கருவிகள் பலவற்றில், முனை மரத்தை அழுத்தினாலன்றி விசை இயங்காதபடி காப்பு அமைத்திருக்கின்றனர்.

நீங்கள் எழுதுகோலின் வெறுங்குழலின்மீது காப்புக் கம்பியை இருநூறு சுற்றுச் சுற்றி, கைவிளக்கின் மின்கலங்களை ஒரு நொடி மட்டும் இணைத்து, சிற்றாணி உள்ளே தாவுவதைக் காணலாம். வீட்டு மின்சாரத்தையும் மின்தேக்கியையும் மட்டும் தொடாதீர்கள். அவை உயிரைப் பறிக்கும்.

அன்று அம்மாணவன் கேட்டது வெறுங் கற்பனை அன்று. கணக்கிட்டுப் பார்க்கத் தக்க கேள்வி. தந்தையின் தோள்வலியில் பிறந்த கேள்வி. அதை எள்ளியது ஆசிரியனாகிய என் பிழை. உங்கள் அருகே இருப்பவன் அப்படி ஒன்று கேட்டால் சிரிக்காதீர்கள். தாளும் எழுதுகோலும் எடுத்து அவனோடு அமருங்கள்.