ஆபரேஷனை மறுத்து உயிரை விட்ட நாட்டிய ராணி! சென்னை நாட்டியத்தையே திருப்பிவிட்ட ரஷ்யப் பெண்ணின் கதை

"ஆட்டம் சோறு போடுமா?"

பிள்ளை காலில் சலங்கை கட்ட ஆசைப்பட்டால் கவரைப்பேட்டையிலும் இந்தக் கேள்விதான், கும்மிடிப்பூண்டியிலும் இந்தக் கேள்விதான். ஆட்டத்தையே தொழிலாக்கி, அதிலேயே சம்பாதித்து, ஒரு பெரிய கோஷ்டிக்கே சம்பளம் கொடுத்து, கடைசியில் ஆட்டத்துக்காகவே உயிரை விட்ட ஒரு பெண் உண்டு. அவர் பெயர் அன்னா பாவ்லோவா.

சென்னையில் இன்று பரதநாட்டியம் இருக்கும் நிலைக்கு அவரும் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

துணி வெளுத்த தாய்

பாவ்லோவா 1881 பிப்ரவரி 12ந் தேதி ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தாய் துணி வெளுக்கும் தொழிலாளி. குறை மாதத்தில் பிறந்த குழந்தை. அடிக்கடி நோய், நோஞ்சான் உடம்பு.

சிறுமியாக இருந்தபோது ஒருநாள் தாய் அவளை நாட்டிய நாடகம் பார்க்க அழைத்துப்போனார். அது "பாலே" ஆட்டம். கட்டைவிரல் நுனியில் உடம்பு முழுவதையும் தாங்கி நின்று ஆடுவது. பார்த்துவிட்டு வந்த சிறுமி, "நானும் இப்படித்தான் ஆடுவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அரசாங்க நாட்டியப் பள்ளிக்குப் போனார்கள். வயது போதாது, உடம்பும் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். விடவில்லை. 1891ல், பத்தாவது வயதில் இடம் கிடைத்தது.

உள்ளே போனால் அங்கேயும் கேலி. மெலிந்த உடம்பைப் பார்த்து "துடைப்பம்" என்று மற்ற பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்தார்கள். அவரது பாதமோ வில் மாதிரி வளைந்தது, கணுக்கால் ஒல்லி. விரல் நுனியில் நிற்க அது பெரிய தொல்லை.

செருப்பில் செய்த வேலை

அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஆட்டத்துக்குப் போடும் பட்டுச் செருப்பின் அடியில் கெட்டித் தோலை வைத்து, நுனியையும் கடினமாக்கிக்கொண்டார். "இது ஏமாற்று வேலை" என்று சிலர் கூச்சல் போட்டார்கள். இன்றோ பாலேயில் விரல் நுனியில் ஆடுகிறவர்கள் நுனி கெட்டியான செருப்புதான் போடுகிறார்கள்.

1899ல் படிப்பு முடிந்து மரின்ஸ்கி அரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1906ல் அங்கே முதல் நாட்டியக்காரி என்ற பதவி கிடைத்தது. சலவைத் தொழிலாளியின் மகள், ஜார் மன்னரின் அரங்கத்தில் தலைமை நடிகை!

அவருக்கென்றே போக்கின் என்பவர் அமைத்துக்கொடுத்ததுதான் "சாகும் அன்னம்". மூன்று நான்கு நிமிட ஆட்டம். சாகப்போகும் ஒரு அன்னப்பறவை கடைசியாகச் சிறகடித்து, தரையில் ஒடுங்குவது. அவ்வளவுதான் கதை. இதை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை ஆடினார்.

நின்றால் சம்பளம் இல்லை

பிறகு அரசாங்க வேலையை விட்டு, லண்டனில் வீடு வாங்கி, சொந்தமாகக் கோஷ்டி நடத்தினார். விமானப் பயணம் பரவலாகாத காலம். கப்பலிலும் ரயிலிலுமாக அமெரிக்கா, ஜப்பான், எகிப்து, ஆஸ்திரேலியா, நம் இந்தியா என்று ஓடிக்கொண்டே இருந்தார். இன்று ஒரு ஊர், நாளை இன்னொரு ஊர்.

ஓய்வு எடுக்க முடியாது. அவர் ஆடினால்தான் டிக்கெட் விற்கும். டிக்கெட் விற்றால்தான் கோஷ்டிக்குச் சம்பளம். ஷிப்ட் தவறினால் கூலி போகும் தொழிலாளிக்கு இந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை. அவருக்கும் உடம்புதான் முதல்.

இந்தியாவைப் பார்த்துவிட்டுப் போனவருக்கு இந்து நாட்டியம் ஒன்றை மேடை ஏற்ற ஆசை. லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதயசங்கர் என்ற வங்காள இளைஞர் கிடைத்தார். 1923ல் இருவரும் ராதையும் கிருஷ்ணனுமாக ஆடினார்கள். அந்த உதயசங்கர்தான் பின்னாளில் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் "கல்பனா" படத்தை எடுத்தவர். படம் 1948ல் வெளிவந்தது.

கப்பலில் நடந்த பேச்சு

மதுரையில் 1904ல் பிறந்தவர் ருக்மிணி தேவி. 16 வயதில் வெள்ளைக்காரரான அருண்டேலைக் கல்யாணம் செய்துகொண்டு சென்னையையே பரபரப்பில் ஆழ்த்தியவர். 1928ல் பம்பாயில் பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கிப்போனார். பிறகு ஆஸ்திரேலியா போன கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தார்கள். நட்பு வளர்ந்தது. பாவ்லோவா கோஷ்டியில் இருந்த கிளியோ நோர்டி என்ற பெண், ருக்மிணிக்கு பாலே சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் பாவ்லோவா சொன்ன யோசனை வேறு. உங்கள் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போங்கள் என்பதுதான் அது.

தேடியபோது அது மயிலாப்பூரிலேயே இருந்தது! கபாலீசுவரர் கோவிலில் ஆடிவந்த கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ருக்மிணி தேவி பாடம் கேட்டார். "பிராமணப் பெண் சதிர் ஆடுவதா?" என்று எதிர்ப்பு கிளம்பியது. பொருட்படுத்தாமல் 1935 டிசம்பரில் அடையாறில் மேடை ஏறினார். மறு வருடம் கலாட்சேத்திரம் பிறந்தது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. 1947ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கோவிலில் பெண்களைப் பொட்டுக்கட்டும் கொடுமை நின்றது. அதே சமயம், பரம்பரையாக ஆடிய குடும்பங்களில் பலருக்கு மேடையும் போனது, பிழைப்பும் போனது. ஆட்டம் பெரிய இடத்துப் பிள்ளைகளின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களுக்கு அது சோறு போடவில்லை.

ரயிலில் வந்த எமன்

ருக்மிணி தேவியின் அரங்கேற்றத்தைக் கேள்விப்பட பாவ்லோவா உயிரோடு இல்லை.

1931 ஜனவரி. ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் ஆட வந்துகொண்டிருந்தார். வழியில் ரயிலுக்கு விபத்து என்றும், என்ன ஆயிற்று என்று பார்க்க மெல்லிய உடையோடு கடுங்குளிரில் இறங்கி நடந்தார் என்றும் சொல்வார்கள். 2024 அக்டோபர் 11ந் தேதி இரவு, நின்றிருந்த சரக்கு ரயிலில் பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியதைக் கண்ட கவரைப்பேட்டைக்காரர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும்.

சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆயிற்று. ஆபரேஷன் செய்யவேண்டும், ஆனால் பிறகு ஆட முடியாது என்று டாக்டர்கள் கூறினார்களாம். ஆடாத வாழ்வு வேண்டாம் என்று மறுத்துவிட்டாராம். 23ந் தேதி ஓட்டல் அறையில் உயிர் பிரிந்தது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரமே பாக்கி.

அடுத்து அவர் ஆடவேண்டிய ஆட்டம் ரத்தாகவில்லை. திரை விலகியது, இசை ஒலித்தது. ஆள் இல்லாத மேடையில் விளக்கு வெளிச்சம் மட்டும் அவர் ஆடும் இடங்களில் நகர்ந்துபோனது என்று சொல்கிறார்கள்.

வெல்டர் மகன்

துடைப்பம் என்று கேலி செய்யப்பட்ட சிறுமி போட்ட பாதை இன்னும் மூடவில்லை. 2017ல் லண்டன் ராயல் பாலே பள்ளியில் மும்பையைச் சேர்ந்த ஒரு பையனுக்கு இடம் கிடைத்தது. பெயர் அமிருதீன் ஷா. அப்பா வெல்டர். கூடப் படித்த மணீஷ் சவுகானின் அப்பா டாக்சி டிரைவர். இருவரையும் பழக்கியவர் இஸ்ரேலில் இருந்து வந்த எஹுதா மாவோர் என்ற முதிய ஆசிரியர். இவர்கள் கதை 2020ல் "யே பாலே" என்ற இந்திப் படமாகவும் வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கால் இருக்கிறது, ஆசை இருக்கிறது. ஆட்டம் சோறு போடுமா என்ற கேள்வி தப்பில்லை. ஆனால் பீட்டர்ஸ்பர்க்கில் துணி வெளுத்த அந்தத் தாய், அதைக் கேட்பதற்கு முன்னால் மகளை ஒருநாள் ஆட்டம் பார்க்க அழைத்துப்போனார்.

இங்கிருந்து கலாட்சேத்திரம் ஒரு ரயில், ஒரு பஸ் தூரம்தான்.