செமி ஹாலோ கிடார் வாங்கப் போறீங்களா? கேஸையும் சேர்த்துப் பாருங்க!

மேலே வயலின் போல இரண்டு ‘எஃப்’ துளைகள், நடுவில் கட்டை, இருபுறமும் வெற்றிடம். 1958-ல் கிப்சன் கொண்டுவந்த இஎஸ்-335 பிரபலமாக்கிய செமி ஹாலோ எலக்ட்ரிக் கிடார் இதுதான். கிடாரைத் தேர்வு செய்வது எளிது, கேஸ்தான் படுத்தும்.

இதன் உடல் அகலம் சுமார் 16 அங்குலம். லெஸ் பால் 13 தான். அதனால் சாதாரண எலக்ட்ரிக் கேஸில் நுழையவே நுழையாது. ‘அக்கூஸ்டிக் கேஸ் போதுமே’ன்னு தோணும். ஆனால் அது ரொம்ப ஆழம். ஒல்லியான இந்தக் கிடார் உள்ளே ஆடும். பின்பக்கம் சாய்ந்திருக்கும் தலைப்பகுதி அடியில் இடித்தால், கழுத்து அங்கேயே முறியலாம். ரிப்பேர் செலவு கேஸ் விலையைத் தாண்டிடும்.

‘335-க்கான கேஸ்’னு கேட்டே வாங்குங்க. 339 மாடல் உடல் சின்னது, அதுக்கு இது லூஸ். கழுத்துக்குத் தாங்கல் இருக்கா, தலை எங்கும் படாம நிக்குதான்னு கடையிலேயே கிடாரை வைச்சுப் பார்த்துடுங்க.