டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்

ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகும் நம் தம்பி ஒருவர் சென்ற மாதம் ஒரு ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்தார். லேப்டாப்பில் செருகினால் தெரியும், இரண்டு நிமிடத்தில் மறையும், மறுபடி வரும். கடையில் காட்டியபோது, ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்றார்களாம். நல்லவேளை, சம்மதிக்கவில்லை. மறைந்த அத்தாவின் குரல் பதிவு அதில் மட்டும்தான் இருந்தது. வேறு கேபிள் போட்டோம். டிஸ்க் நின்றது.

இப்படித் துண்டித்துக்கொள்ளும் டிஸ்க் எல்லாமே பழுதானது அல்ல. கையடக்கமான 2.5 அங்குல டிஸ்குக்குத் தனி மின்சாரம் கிடையாது. உள்ளே தட்டு சுற்றுவதற்கான சக்தியும் அந்த ஒரே கேபிள் வழியாகத்தான் போகிறது. பழைய யூஎஸ்பி 2 போர்ட் தரவேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர். யூஎஸ்பி 3 என்றால் 900. தட்டு சுற்றத் தொடங்கும் நேரத்தில் தேவை கூடுதல். கேபிள் நீளமாகவோ முனை தளர்ந்தோ இருந்தால் சக்தி குறைந்து டிஸ்க் நின்றுவிடும். நாம் பிடுங்கிவிட்டதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும்.

ஆகவே முதலில் குட்டையான, நல்ல கேபிளுக்கு மாற்றிப் பாருங்கள். டிஸ்கைத் தொங்கவிட்டுப் பயன்படுத்தினால் அதன் பக்கத்து அகலமான முனை சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டு, பின்பக்கத்தில் செருகுங்கள். ஒரே போர்ட்டை நாலாகப் பிரிக்கும் மலிவான ஹப் வேண்டாம். பெரிய 3.5 அங்குல டிஸ்குக்குத் தனி அடாப்டர் உண்டு; அந்த அடாப்டர் பலவீனமானாலும் இதே தொல்லைதான்.

சும்மா இருக்கும்போது மட்டும் துண்டிக்கிறதா? அது விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வேலையாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், சக்தியைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பொருளில் இருக்கும் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

வேறு கேபிள், வேறு கம்ப்யூட்டர் இரண்டிலும் அதே கதை என்றால்தான் டிஸ்க் மேல் சந்தேகப்பட வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான டிஸ்குகளின் உடல்நிலையைக் காட்டும். மஞ்சளோ சிவப்போ வந்தால் நாள் கடத்தாதீர்கள்.

'டக், டக்' என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். தட்டைப் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தட்டில் கீறல் விழலாம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்ற பழைய வைத்தியத்தை நம்ப வேண்டாம், ஈரம் கோத்துக்கொள்ளும். கேபிள் வாங்கச் சென்னை ரிச்சி தெரு போதும். மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும், தூசி வடிகட்டிய அறை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு துளித் தூசி போதும், தட்டு பாழாக.

திரையில் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். பழுது பார்க்கும் செக் டிஸ்க் கட்டளையும் முதலில் வேண்டாம். அது டிஸ்கில் எழுதி மாற்றும் வேலை. எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு செய்துகொள்ளலாம்.

டிஸ்க் ஐந்து நிமிடம் நின்றாலும் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன எடுப்பது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். குரல் பதிவுகள், பத்திர ஸ்கேன் போன்ற சிறியவை முதலில். நிக்காஹ் வீடியோ அதன் பிறகு. சினிமா கடைசியில், அல்லது விட்டுவிடலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றுகளை டிஜிலாக்கரிலும் பெற முடியும் என்பதால் அவற்றுக்காக நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒவ்வொன்றாக நகலெடுங்கள்; மொத்தமாக இழுத்துப் போட்டால் நடுவில் நின்றுவிடும்.

தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது கேபிளையும் கொண்டுவாருங்கள். டிஸ்கை மட்டும் துணியில் பத்திரமாகச் சுற்றி எடுத்துவந்து, கேபிளை வீட்டில் விட்டுவருபவர்களே அதிகம்.