புலி காணும் பயணமும் அதற்குரிய ஆயத்தமும்

கல்விச் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தவுடனே மாணவர் பலர் விரும்பிக் கேட்பது, “புலியைக் காணச் செல்லலாமா?” என்பதே. கேள்வி நல்லது. ஆயின், விடை கூறுமுன் நம்மை நாமே மூன்று வினாக்கள் வினவிக்கொள்ளல் வேண்டும். எப்புலியைக் காணப் போகின்றோம்? எங்கே, எப்பொழுது, எவ்வாறு போகின்றோம்? கண்டு மீளும்போது எதனைக் கற்றவர்களாய் மீளப் போகின்றோம்? முதலிரு வினாக்களுக்கும் விடை தேடுவார் பலர். மூன்றாவதனை எண்ணுவார் சிலரே. ஆயினும், அம்மூன்றாம் வினாவே ஏனைய இரண்டற்கும் உயிர்போல்வது. பரந்தனிலும் அதன் அயலிலும் வாழும் நாம் இதனைப் பிறரினும் நன்கு உணரக் கடமைப்பட்டுள்ளோம். அதற்குரிய காரணத்தை இறுதியிற் காண்போம்.

முதலாவது, எப்புலி? உடலிற் கோடுகளையுடைய வரிப்புலி இன்று ஈழத்துக் காடுகளில் இல்லை. குருவிற்றைக்கு அண்மையிற் கண்டெடுக்கப்பட்ட எலும்பெச்சங்கள், ஏறக்குறையப் பதினாறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது இங்கு வாழ்ந்தமையைக் காட்டுகின்றன. இன்று அதனைக் காண விழைவோர் பாக்கு நீரிணையைக் கடந்தே செல்லல் வேண்டும். இந்தியா 1973ஆம் ஆண்டில் ஒன்பது காப்பகங்களுடன் புலி பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அவை ஐம்பதின் மேற்பட்டன. அவற்றுள் களக்காடு–முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர்–மேகமலை என்னும் ஐந்தும் தமிழ்நாட்டில் உள்ளன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியாவிலுள்ள வரிப்புலிகளின் தொகையை 3,682 என மதிப்பிட்டது.

வன்னியில் நம் முதியோர் ‘புலி’ என்று சொல்லி வந்தது சிறுத்தையையே. புள்ளிகள் பூப்போலத் திரண்டு அமைந்த உடலையுடைய இவ்விலங்கின் ஈழத்து இனத்துக்கு, 1956ஆம் ஆண்டில் பேரறிஞர் தெரணியகல அவர்கள் ‘பந்தேரா பார்துஸ் கொத்தியா’ எனப் பெயரிட்டார். வரிப்புலியும் சிங்கமும் இல்லாத இத்தீவிலே சிறுத்தையே காட்டின் தலைமை வேட்டை விலங்கு. இந்தியக் காட்டிற் புலிக்கு அஞ்சி ஒதுங்கி வாழும் சிறுத்தை, இங்கே பகலிலும் மணற்பாதையிற் படுத்திருக்கக் காண்கின்றோம். அஞ்சுதற்குரிய பெருவிலங்கு வேறில்லாமையே இதற்குக் காரணம் என்பர். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை 2008இல் ‘அழியும் நிலையிலுள்ளது’ என வகுத்தது. 2020இல் ‘அழிவுக்கு இலக்காகக் கூடியது’ என அதற்கு அடுத்த படியில் வைத்தது. நிலை சற்றே மாறியதன்றி அச்சம் நீங்கிவிடவில்லை.

இரண்டாவது, எங்கே? 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காக்கப்படும் நிலங்கள் பல வகையின. கடுங்காப்பு இயற்கை ஒதுக்கங்களிற் பொதுமக்கள் காட்சிக்காகப் புகுதல் இயலாது. தேசியப் பூங்காக்களில் அனுமதிச் சீட்டுப் பெற்றுப் பார்வையிடலாம். சரணாலயங்களின் எல்லைக்குள்ளே தனியார் காணிகளும் இருத்தல் கூடும். எனவே, நாம் செல்லத்தக்கது தேசியப் பூங்காவே. அவ்வாறு 1938ஆம் ஆண்டில் முதன்முதல் அமைந்த இரண்டனுள் ஒன்று உறுகுணை எனப்படும் யால, மற்றையது வில்பத்து. வன்னியிலிருந்து செல்வோர்க்கு அண்மையிலுள்ளது வில்பத்துவே.

வடக்கே மோதரகம் ஆற்றுக்கும் தெற்கே கலா ஓயாவுக்கும் இடையில் ஏறக்குறைய 1,317 சதுரக் கிலோமீற்றர்ப் பரப்பில் விரிந்துள்ளது இக்காடு. ‘வில்லு’ எனப்படும் நீர்நிலைகளே இதன் தனிச்சிறப்பு. இவை மனிதர் கட்டிய குளங்கள் அல்ல. நிலம் தாழ்ந்து, மணற்கரை சூழ, மழைநீர் தானே தேங்கிய இயற்கைப் பள்ளங்கள். சிலவற்றின் நீர் இனிது, சிலவற்றின் நீர் உவர்ப்பு. மேற்கே பொம்பரிப்பிற் கண்ட தாழிப் புதைகுழிகளை அறிஞர் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளனர். கடலோரத்திலே அல்லி அரசாணியின் கதை வழங்கும் குதிரைமலை நிற்கின்றது. ஆதலின் விலங்கியல் மாணவர்க்கன்றி வரலாற்று மாணவர்க்கும் ஈண்டுப் பாடம் உண்டு.

இக்காடு போரின் தழும்பையும் தாங்கியது. 1988 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. யானையிறவிலிருந்து தொடங்கி வில்பத்துக் காட்டினூடு செல்லும் இருவரின் கதையை 2003இல் ஆங்கில நாவலாக வெளியிட்ட நிகால் டி சில்வா என்பார், 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே காட்டினுள்ளே கண்ணிவெடியில் நண்பர்களோடு உயிரிழந்தார். 2010இல் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு விலகலாகாது என்னும் விதியை வெறுஞ் சம்பிரதாயமாகக் கொள்ளாதிருத்தற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

இனி, எப்பொழுது, எவ்வாறு என்பவற்றை நோக்குவோம். நெடும்பயணத்துக்கு முன்னர்க் குறும்பயணம் ஒன்று செய்து பழகுதல் நன்று. அதற்கு வெகுதூரம் போகவேண்டுவதில்லை. கனகராயன் ஆறு இரணைமடுவை நிறைத்து, பின்னர் வடகிழக்கே சுண்டிக்குளம் கடல்நீரேரியிற் கலக்கின்றது. 1938இற் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட அப்பகுதி 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் வடநாடுகளிலிருந்து வரும் வாத்தினங்களும் பூநாரைகளும் அங்கே கூடும். அரை நாள் அங்கே அமைதியாய் நின்று, தொலைநோக்கியைக் கையாளவும், கண்டதைக் கண்டவாறு குறிப்பேட்டில் எழுதவும் மாணவர் பழகுவாராக. பறவை முன் வாய்மூடி நிற்க அறியாதவன் சிறுத்தை முன் நிற்க எங்ஙனம் அறிவான்?

வில்பத்துப் பயணத்துக்கு ஏற்றது மே முதல் செப்டெம்பர் வரையுள்ள வறட்சிக் காலம். காரணம் எளிது. மழைக்காலத்திற் காடெங்கும் நீர் உண்டு. விலங்குகள் சிதறிக் கிடக்கும். செடிகொடிகள் பார்வையை மறைக்கும். கோடையிற் சிறு மடுக்கள் வற்ற, வற்றாத வில்லுகளை நாடிப் புள்ளிமானும் மரையும் காட்டுப்பன்றியும் வரும். அவற்றைத் தொடர்ந்து சிறுத்தையும் வரும். யூன், யூலை மாதங்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது பாலைப்பழக் காலம். உதடுகள் ஒட்டிக்கொள்ளும்வரை பாலைப்பழம் தின்றறியாத வன்னிப் பிள்ளை யார்? அதே பழத்தை நாடிக் கரடி மரமேறும் காட்சியை அப்போது காணுதல் கூடும்.

பரந்தனிலிருந்து கண்டி வீதி வழியே கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி ஆகியவற்றைக் கடந்து அநுராதபுரம் சேர்ந்து, அங்கிருந்து புத்தளம் வீதியிற் சென்று, வலப்புறம் திரும்பினால் ஹுனுவிலகம வாயிலை அடையலாம். இதற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். வாயில் திறப்பது காலை 6 மணிக்கு. விலங்குகள் இயங்குவது விடியலிலும் மாலையிலுமே. ஆகவே, அன்றே புறப்பட்டு அன்றே காண முயல்வோர் நண்பகல் வெயிலில் வெறும் மரங்களையே காண்பர். முதல்நாள் மாலையே அநுராதபுரத்தை அடைந்து இரவு தங்கி, விடியுமுன் எழுந்து செல்வதே அறிவுடைமை.

குழு சிறிதாயிருத்தல் வேண்டும். காட்டுக்குள் நாம் வந்த பேருந்து பயன்படாது. வாயிலில் அமர்த்தப்படும் ஜீப்பு வண்டியொன்றில் வசதியாக இருந்து காண்பவர் ஆறு பேரளவினரே. இருபத்துநால்வர் எனின் நான்கு வண்டிகள் வேண்டும். அறுபதின்மர் எனின் பத்து வண்டிகள். பத்து வண்டிகள் ஒருங்கே இரையும் இடத்தில் எவ்விலங்கு நிற்கும்? பாடசாலைக் குழுவினர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, அனுமதியையும் வழிகாட்டியையும் உறுதிசெய்தல் நன்று. பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம், முதலுதவிப் பெட்டி, போதிய குடிநீர், வெயிலுக்குத் தொப்பி என்பன மறவாமற் கொள்ளத்தக்கன. உடை மண்ணிறமோ இலைநிறமோ ஆகுக.

காட்டினுள்ளே அனுமதிக்கப்பட்ட இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்கலாகாது, உரத்துப் பேசலாகாது, உணவு எறியலாகாது, பொலித்தீன் பைகளை விட்டு வரலாகாது. இவ்விதிகளின் காரணங்களையும் மாணவர் அறிதல் வேண்டும். வண்டி ஒழுங்காகச் செல்லும்வரை விலங்கு அதனை ஆபத்தில்லாத ஒரு பொருளாகவே பழகிக்கொண்டுள்ளது. அதிலிருந்து இறங்கியவனோ அதற்கு மனிதனாகின்றான். அஞ்சி ஓடும், அன்றேல் அஞ்சித் தாக்கும். கையால் உணவு பெற்றுப் பழகிய விலங்கு பின்னர் மனிதரை மறித்துக் கேட்கும். அதனால் இறுதியில் உயிரிழப்பது பெரும்பாலும் விலங்கே. சிறுத்தையொன்று தென்பட்டது என்று கேட்டதும் வண்டிகள் விரைந்து ஓரிடத்தில் நெருக்குவதும் தவறு. அது செல்லும் வழியை அடைத்தல் அதன் வீட்டு வாயிலை அடைத்தலுக்கு ஒப்பாகும். சாரதியை விரைவுபடுத்தலாகாது என்பதை ஆசிரியர் புறப்படும்போதே கூறிவைத்தல் வேண்டும்.

சிறுத்தையைக் காணாது திரும்புவோரும் உளர். அவர் பயணம் வீண்போயிற்று எனல் பொருந்தாது. காடு எழுதிவைத்த எழுத்துகளை வாசிக்கப் பழகியவனுக்கு ஏமாற்றம் இல்லை. மணலிற் பதிந்த அடியைக் காண்க. நான்கு விரல்கள் தெரிந்து நகக்குறி தெரியாவிடின் அது சிறுத்தையினதாகலாம். நடக்கும்போது அது நகங்களை உள்ளிழுத்துக் கொள்வதே காரணம். நரியின் அடியில் நகக்குறி காணப்படும். கரடியின் பின்னடி மனித அடியை ஒத்து ஐந்து விரல்களுடன் நீண்டிருக்கும். இனிச் செவியையும் பயன்படுத்துக. மரக்கிளையில் மந்தி திடீரெனக் குரைப்பதும், புள்ளிமான் கூர்ந்த குரலிற் கூவி அடியெடுத்து உதைப்பதும், வேட்டை விலங்கு அணுகுகின்றது என்னும் அறிவிப்பு. கண்ணுக்குத் தோன்றாத சிறுத்தை இவ்வாறு காதுக்குத் தோன்றும்.

இப்போது மூன்றாம் வினாவுக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்திற் சிறுத்தையொன்று குடிமனைக்குள் வந்தது. வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் உட்படப் பலர் காயமுற்றனர். திரண்ட மக்கள் அதனை அடித்துக் கொன்றனர். அக்காட்சி படமாக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. பலர் கைது செய்யப்பட்டனர். பரந்தன் சந்தியிலிருந்து சில கிலோமீற்றர்த் தொலைவில் நிகழ்ந்தது இது. காயமுற்றவரின் நோவும் அச்சமும் மெய்யானவை. வீட்டிலிருந்துகொண்டு அவர்களைப் பழித்தல் எளிது. ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். ஒதுங்கி ஓட வழியின்றிக் கூட்டத்தாற் சூழப்பட்ட சிறுத்தை தாக்காமல் வேறென் செய்யும்? கூட்டத்தை விலக்கி, அது போதற்கு ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, பிள்ளைகளையும் கால்நடைகளையும் வீட்டுக்குள் சேர்த்து, திணைக்களத்தாரின் வருகைக்குக் காத்திருத்தல் வேண்டும் என்பதை முன்னரே பலர் கற்றிருப்பின், மனிதர் காயங்களும் குறைந்திருக்கும். விலங்கும் பிழைத்திருத்தல் கூடும்.

நம் பிழை அந்நாளில் மட்டும் நிகழ்வதன்று. காட்டிறைச்சிக்காகக் கட்டப்படும் சுருக்குக் கம்பி மானையும் பன்றியையும் குறைக்கின்றது. இரை குறைந்த சிறுத்தை நாயையும் கன்றையும் நாடி ஊருக்கு வருகின்றது. சில வேளை அச்சுருக்கிலே சிறுத்தை தானே சிக்குகின்றது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் மலையகத்து நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று இவ்வாறே கம்பியில் அகப்பட்டு, மீட்கப்பட்ட பின்னரும் பிழைக்காது மாண்டது.

வில்பத்துவில் வண்டியிலிருந்து வியந்து நோக்கும் சிறுத்தையும், வயலோரத்தில் நாம் அஞ்சி நோக்கும் சிறுத்தையும் ஒன்றே. அங்கே அதற்கு வழிவிடக் கற்ற மாணவன் இங்கேயும் வழிவிடுவான். தன் ஊராரையும் விலகி நிற்கச் சொல்வான். அத்தகைய மாணவன் ஒருவன் ஓர் ஊரில் இருப்பின் அவ்வூருக்கும் காட்டுக்கும் நன்மை. ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் பயணம் முடிந்த மறுவாரத்தில் மாணவரிடம் “புலியைக் கண்டாயா?” எனக் கேட்பதோடு அமையாது, “அது நாளை உன் வேலிக்கு வெளியே நின்றால் என் செய்வாய்?” எனவும் கேட்பாராக. அவ்வினாவுக்கு மாணவன் கூறும் விடையைக் கொண்டே நம் ஆயத்தம் நிறைவுற்றதா என்பதை நாம் அறிதல் வேண்டும்.