இரட்டைக் கடிவாளமும் வாயிரும்புத் தெரிவும்

ஈழத்தின் மேல்கரையிலே, புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் அமைந்தது குதிரைமலை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம ஆசிரியர் பிளினி குறிப்பிடும் ஹிப்புரோஸ் என்னும் துறை இதுவே என அறிஞர் பலர் கருதுவர். கிரேக்க மொழியில் ஹிப்போஸ் என்பது குதிரையைக் குறிக்கும். அநுராதபுரத்தை 22 ஆண்டு ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் கடல்வழிக் குதிரை கொணர்ந்த வணிகனின் மைந்தர் என மகாவம்சம் கூறும். இங்ஙனம் கலமேறி வந்த விலங்கை மாந்தர் ஆள்வதற்குத் துணைநின்றது கடிவாளம். அதன் முதிர்ந்த வடிவமாகிய இரட்டைக் கடிவாளத்தை ஒரு குதிரைக்கு முதன்முதல் பூட்டுங்கால், வாயிரும்பை எவ்வாறு தெரிதல் வேண்டும் என்பதை ஈண்டு நோக்குவாம்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லா ஈறு உண்டு. வாயிரும்பு தங்குவது அவ்விடத்திலேயே. ஈற்றின்கீழ் எலும்பு அணித்தாக இருத்தலின், சிறு அழுத்தமும் நோவு தரும்.

இரட்டைக் கடிவாளத்தில் இரும்புகள் இரண்டு. மெல்லியதாய் வளையங்களுடன் மேலே நிற்பது பிரிடூன்; இது கடைவாயில் தொழிற்படும். இருபுறமும் நெம்புகோல்களும் தாடைச் சங்கிலியும் உடையதாய்க் கீழே நிற்பது கர்ப்; இது ஈறு, நா, உச்சி, தாடைக்குழி ஆகியவற்றை ஒருங்கே அழுத்தும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார் உண்டு.

தெரிவில் முதலாவது அளவு. கர்ப் உதட்டை நெருக்காமலும் பக்கங்களில் அசையாமலும் பொருந்தல் வேண்டும். பிரிடூன் அதனினும் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலமாயிருத்தல் நன்று. இரண்டாவது பருமன். தடித்த இரும்பே மென்மையானது என்பர். ஆயின் சிறுவாயில் தடித்த இரண்டு இரும்புகள் நாவுக்கு இடமின்றிச் செய்துவிடும். மிக மெல்லியதோ ஈற்றை வெட்டும். பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதி, நடைப்பயிற்சிப் போட்டிகளில் பிரிடூனுக்கு 10, கர்ப்புக்கு 12 மில்லிமீற்றர் விட்டத்தைக் குறைந்த எல்லையாக வகுத்துள்ளது. மூன்றாவது நடுவளைவு. தாழ்ந்த அகன்ற வளைவு நாவுக்கு இடந்தரும். உயர்ந்த வளைவு அண்ணத்தைத் தாக்கக்கூடும்.

நான்காவது நெம்புகோல். வாயிரும்புக்குக் கீழுள்ள பகுதி மேலுள்ளதன் இருமடங்காயின், வாரில் இழுத்த விசை சங்கிலியில் ஏறத்தாழ இருமடங்காகும். மேற்கூறிய விதி கீழ்ப்பகுதிக்கு 10 சென்றிமீற்றரை உச்ச எல்லையாக்கும். புதிதாகப் பழகும் குதிரைக்கு அதனிற் பாதியளவே போதும். சங்கிலி முறுக்கின்றித் தட்டையாகத் தாடைக்குழியிற் படிந்து, கர்ப் ஏறத்தாழ 45 பாகை திரும்பும்போதே இறுகவேண்டும்.

இவையாவும் ஒற்றை வாயிரும்பை அமைதியாய் ஏற்று, கைக்குறிப்பறிந்து நடக்கும் குதிரைக்கே உரியன. முன்னதாகப் பல்லைப் பரிசோதிப்பித்தலும் இன்றியமையாதது. தொடக்க நாட்களில் பிரிடூன் வாரையே ஏந்தி, கர்ப் வாரைத் தளரவிடுதல் தக்கது. குதிரை தலையை உதறினாலும், நாவை வெளியே நீட்டினாலும், வாய்பிளந்து நின்றாலும், அதனை முரண் எனக் கொண்டு கடிய இரும்பைத் தேடுதல் பிழை. அவை பெரும்பாலும் நோவின் அடையாளங்கள். இரண்டாம் இரும்பு சேர்க்கப்படுவது அடக்குதற்கு அன்று. குறிப்பை நுண்ணிதாய் உணர்த்துதற்கே. ஆதலின், தெரிவோன் அளந்தறிய வேண்டியது குதிரையின் வாயேயன்றித் தன் கையின் வலிமை அன்று.